மனு எழுதுவோர் முதல் மின்திரை வரை: சிங்கப்பூர் அரசுப் பணி கணினிமயமான வரலாறும் அது புகட்டும் பாடங்களும்

தோற்றுவாய்

ஓர் அரசின் நன்மை தீமைகளை எளிய குடிமகன் அளந்தறியும் இடம் நாடாளுமன்றம் அன்று. அரசு அலுவலகத்தின் முகப்பே ஆகும். பிறந்த குழந்தையின் பெயரைப் பதியவும், வீடு வேண்டி விண்ணப்பிக்கவும், வரி செலுத்தவும், இறந்தோர்க்குச் சான்றிதழ் பெறவும் மாந்தர் அந்த முகப்பினை நாடிச் செல்கின்றனர். அரசன் குடிமக்கள் எளிதிற் கண்டு குறை கூறத்தக்கவனாக இருத்தல் வேண்டும் என்று திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம் வற்புறுத்துகின்றது. மன்னராட்சி மறைந்து மக்களாட்சி மலர்ந்த பின்னரும் அந்த அறம் மாறவில்லை. மன்னனின் வாயில் இருந்த இடத்தில் இன்று அலுவலக முகப்பு இருக்கின்றது; அதுவும் மெல்ல மெல்ல மின்திரையாக மாறிவிட்டது.

குடியேற்ற ஆட்சிக் காலத்தில் சிங்கப்பூரின் அரசு அலுவல்கள் ஆங்கிலத்திலேயே நடைபெற்றன. தாய்மொழி மட்டுமே அறிந்த தொழிலாளர் அரசுக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டுமெனின், மனு எழுதுவோரை நாட வேண்டியிருந்தது. எந்த அலுவலகத்திற்கு எழுதுவது, எந்தச் சொற்களால் எழுதுவது, எந்த ஆவணத்தை இணைப்பது என்பனவற்றை அவர்கள் அறிந்திருந்தனர். அவர்தம் தொழில் இழிவானதன்று. பலருக்கு அது பேருதவியாகவே இருந்தது. ஆயினும், கூலி கொடுத்துப் பிறர் கையால் எழுதுவித்தாலன்றித் தன் குறையைத் தன் அரசுக்குத் தெரிவிக்க ஒருவனால் இயலவில்லை என்பது, அரசுக்கும் குடிகளுக்கும் இடையே கிடந்த தொலைவின் அளவுகோலாக விளங்கிற்று.

அந்தத் தொலைவைக் கணினி எவ்வளவு குறைத்தது? எங்கே குறைக்கத் தவறியது? நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிங்கப்பூரின் பட்டறிவு இவ்வினாக்களுக்கு விடை கூறுகின்றது. இயந்திரங்களைப் பொருத்துவதற்கு முன்னர் அலுவலகங்கள் தமக்குள் உடன்பாடு கண்ட இடங்களிலெல்லாம் வெற்றி எளிதில் கிட்டிற்று. உடன்பாடும் தெளிவும் குன்றிய இடங்களில் சிறந்த இயந்திரமும் துணை செய்யவில்லை. இவ்வரலாறு முழுவதிலும் ஊடுருவி நிற்கும் உண்மை இதுவேயாகும்.

கோப்புகளின் காலம்

1955ஆம் ஆண்டில் மத்திய சேமநிதி தொடங்கப்பெற்றது. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் பிறந்தது. 1965இல் நாடு விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டிலேயே குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் பதிந்து அடையாள அட்டை வழங்கும் பெரும்பணி மேற்கொள்ளப்பட்டது. பள்ளி, மருத்துவமனை, வீடு, வேலை ஆகிய ஒவ்வொரு துறையிலும் அரசின் கை நீண்டது. அதற்கேற்பக் கோப்புகளும் மலைபோற் குவிந்தன.

சேமநிதிக் கழகம் போன்ற சில அமைப்புகள் 1960களிலேயே கணினியைப் பயன்படுத்தத் தொடங்கின. ஆயிரக்கணக்கான தொழிலாளரின் மாதச் சந்தாவைக் கணக்கிட்டு வைப்பதற்கு அது பெரிதும் உதவிற்று. எனினும் ஒவ்வோர் அலுவலகமும் தனித்தனித் தீவாகவே இயங்கியது. ஒருவர் வீடு மாறினால், புதிய முகவரியை ஒவ்வோர் அலுவலகத்திற்கும் தனித்தனியே தெரிவிக்க வேண்டும். ஓர் அலுவலகம் தந்த சான்றிதழை மற்றோர் அலுவலகத்திற்குச் சுமந்து செல்பவரும் அவரே. அரசின் இரண்டு கைகளுக்கிடையே செய்தி சுமக்கும் தூதனாகக் குடிமகன் அலைந்து திரிந்த காலம் அது.

முதலில் மனிதர், பின்னரே இயந்திரம்

1980ஆம் ஆண்டில், பின்னாளில் நாட்டின் அதிபராகப் பொறுப்பேற்ற டாக்டர் டோனி டான் அவர்களின் தலைமையில் தேசியக் கணினிமயக் குழு அமைக்கப்பட்டது. அக்குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, 1981இல் தேசியக் கணினி வாரியம் தோற்றுவிக்கப்பெற்றது. திரு. பிலிப் இயோ அதன் முதல் தலைவரானார். அரசாங்கச் சேவையைக் கணினிமயமாக்குதல், கணினித் துறையில் வல்லுநர்களை உருவாக்குதல், கணினித் தொழிலை வளர்த்தல் ஆகியவை அவ்வாரியத்தின் முப்பெரும் நோக்கங்களாயின. அரசாங்கச் சேவையைக் கணினிமயமாக்கும் திட்டமும் அக்காலத்திலேயே தொடங்கிற்று.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. அன்றைய சிங்கப்பூரில் பொறிகளை விலை கொடுத்து வாங்குவது அரிதன்று. அவற்றை ஆளத் தெரிந்த மனிதரைப் பெறுவதே அரிதாக இருந்தது. ஆகவே இளைஞர்களுக்கு உதவிச் சம்பளம் அளித்துப் பயிற்றுவித்தனர். ஐபிஎம் நிறுவனத்தின் துணையுடன் 1981இல் ஒரு பயிற்சிக் கழகமும், ஜப்பானிய அரசின் துணையுடன் 1982இல் மற்றொரு பயிற்சிக் கழகமும் நிறுவப்பட்டன. பயிற்சி பெற்ற வல்லுநர்களைக் கணினி வாரியம் தன்னிடமே வைத்துக் கொள்ளாது பல அமைச்சுகளுக்கும் அனுப்பிற்று. அவர்கள் அங்கேயே அமர்ந்து, அந்தந்த அலுவலகத்தின் நடைமுறையைக் கற்று, அதற்கேற்பப் பணியாற்றினர். ஒரே வாரியத்தின் பயிற்சியும் ஒழுங்குமுறையும் பெற்றவர்கள் பல அமைச்சுகளிலும் பரவியிருந்தமையால், பின்னாளில் அமைச்சுகளை இணைக்கும் வேலை எளிதாயிற்று. பயிர் விளைய வேண்டுமாயின் முதலில் நிலத்தைப் பண்படுத்த வேண்டும் என்பதை இந்நாட்டின் திட்டக்காரர்கள் மறக்கவில்லை. இவ்வரலாறு தரும் முதற் பாடம் இதுவாகும்.

ஒரே படிவம்: வணிக வலையமைப்பின் கதை

1985ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் பொருளியல் சரிவுற்றது. விடுதலைக்குப் பின் நாடு கண்ட முதற்பெரும் மந்தம் அது. அப்பொழுது அமைச்சராக வளர்ந்து வந்த திரு. லீ சியன் லூங் தலைமையில் பொருளியற் குழு ஒன்று அமைந்து, 1986இல் தன் அறிக்கையை வெளியிட்டது. உலக வணிகத்தில் பிற நாடுகளுக்குப் பின்தங்காதிருக்கத் தகவல் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்தில் வலுப்பெற்றது.

சிங்கப்பூர் துறைமுகத்தால் வாழும் நாடு. ஒரு சரக்கு உள்ளே வரவோ வெளியே செல்லவோ சுங்கத்துறை, வர்த்தக மேம்பாட்டு வாரியம், துறைமுக ஆணையம் முதலிய பல அமைப்புகளின் ஒப்புதல் தேவைப்பட்டது. ஒவ்வோர் அமைப்பும் தனக்கென ஒரு படிவத்தை வைத்திருந்தது. வணிக நிறுவனத்தின் ஊழியர் கையிற் காகிதக் கட்டுடன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவார். அனுமதி கிடைக்க இரண்டு முதல் நான்கு நாள்கள் ஆகும்.

இந்நிலையை மாற்ற முற்பட்டோர் முதலில் கணினியைத் தேடி ஓடவில்லை. அதிகாரிகளையும் வணிகர்களையும் ஓரிடத்தில் அமர்த்தி, புழக்கத்தில் இருந்த படிவங்களையெல்லாம் அவர்கள்முன் பரப்பினர். எந்தப் படிவத்தில் எந்த வினா உள்ளது, அதே வினாவை வேறு யார் கேட்கின்றனர், அவ்வினாவுக்கு விடை உண்மையாகவே தேவைதானா என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். ஒரே செய்தியைப் பலரும் பல பெயர்களில் கேட்டு வந்தமை வெளிப்பட்டது. இறுதியில் பல படிவங்களும் ஒரே மின்படிவமாக ஒடுங்கின.

அதன் பின்னரே வலையமைப்பு பிறந்தது. 1988இல் வர்த்தக மேம்பாட்டு வாரியம் முதலான அமைப்புகள் கூடி இதற்கென ஒரு நிறுவனத்தை நிறுவின. 1989ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாளன்று 'டிரேட்நெட்' என்னும் வணிக வலையமைப்பு இயங்கத் தொடங்கிற்று. நாடு தழுவிய அளவில் வணிக ஆவணங்களை மின்வழியே கையாளும் முறையில் இதனை உலகின் முன்னோடி என்பர். நாள்கணக்கிற் காத்திருந்து பெற்ற அனுமதி கால்மணி நேரத்திற் கிடைக்கலாயிற்று.

இவ்விரைவு மின்சாரத்தின் விரைவு மட்டும் அன்று. பழைய படிவங்களை அப்படியே கணினியில் ஏற்றியிருந்தால், வணிகர் பல காகிதங்களை நிரப்புவதற்கு மாறாகப் பல திரைகளை நிரப்பியிருப்பர். பயன் ஒன்றும் விளைந்திராது. ஒவ்வோர் அலுவலகமும் தன் படிவத்தின்மீது கொண்டிருந்த பற்றினைச் சிறிது விட்டுக் கொடுத்தது. அதனாலேயே நாள்கள் நிமிடங்களாகச் சுருங்கின. கோணிய எழுத்தை அச்சில் ஏற்றுவதால் அது நேராகிவிடாது என்பது மாணவரும் அறிந்த உண்மையன்றோ?

படிவமே இல்லாத படிவம்

வரித்துறையின் வரலாறு மேலும் ஒரு படி முன்னேறிச் செல்கின்றது. 1980களில் உள்நாட்டு வருவாய்த் துறையில் முடிவுறாத கோப்புகள் தேங்கிக் கிடந்தன. கோப்புகளுக்கிடையே கோப்பைத் தேடுவதே ஒரு தனி வேலையாயிற்று. 1992ஆம் ஆண்டில் அத்துறை உள்நாட்டு வருவாய் ஆணையமாக மாற்றியமைக்கப்பட்டது. இம்மாற்றம் பெயர் மாற்றம் மட்டுமன்று. இன்ன வரிக்கு இன்ன பிரிவு என்றிருந்த பழைய அமைப்பு கலைக்கப்பட்டு, இன்ன பணிக்கு இன்ன பிரிவு என்னும் புதிய அமைப்பு வந்தது. காகிதக் கோப்புகளும் கணினிக்குள் புகுந்தன.

1995இல் தொலைபேசி வழியாகவும் 1998இல் இணையத்தின் வழியாகவும் வருமான விவரத்தைத் தெரிவிக்கும் வசதி ஏற்பட்டது. ஆயினும் இதனினும் சிறந்த மாற்றம், ஊழியரின் சம்பள விவரங்களை முதலாளிகளே நேரடியாக ஆணையத்திற்கு அனுப்பும் ஏற்பாடாகும். தனக்கு முன்னரே தெரிந்த செய்தியை ஆணையம் ஏன் மீண்டும் கேட்க வேண்டும்? இந்த எளிய வினாவிலிருந்தே 2007இல் ஒரு புதுமை பிறந்தது. விவரங்கள் முழுமையாகக் கிடைத்துவிட்ட வரிசெலுத்துவோர் பலர், படிவத்தை நிரப்பவே தேவையில்லை என அறிவிக்கப்பட்டனர். கணக்கு அவர்களுக்கு அனுப்பப்படும். அதிற் பிழையிருந்தால் மட்டும் அவர்கள் திருத்தினாற் போதும்.

நிரப்புவதற்கு எளிதான படிவம் நல்லதே. நிரப்பவே வேண்டாத படிவம் அதனினும் நல்லது. ஒரே செய்தியைக் குடிமகனிடம் இருமுறை கேளாதிருத்தல் ஆட்சியின் நாகரிகமாகும்.

பல அலுவலகம், ஓர் அரசு

1999ஆம் ஆண்டில் குடிமக்கள் வாழ்க்கையின் தேவைகளை ஒட்டி அரசுப் பணிகளை ஒருங்கு தொகுத்துத் தரும் 'இ-சிட்டிசன்' இணையவாசல் திறக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் தேசியக் கணினி வாரியமும் தொலைத்தொடர்பு ஆணையமும் இணைந்து புதியதோர் ஆணையமாயின. 2000ஆம் ஆண்டில் 1.5 பில்லியன் வெள்ளிச் செலவில் மின்னரசாங்கச் செயல்திட்டம் அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான பணிகள் இணையத்தில் ஏறின.

பணிகள் பெருகவே புதியதொரு தொல்லையும் பெருகிற்று. ஒவ்வோர் அலுவலகமும் தனக்கென ஒரு மறைச்சொல்லை வழங்கினால், குடிமகன் எத்தனை மறைச்சொற்களை நினைவில் வைத்திருப்பான்? முன்னர்ப் படிவங்கள் செய்த கொடுமையை இப்பொழுது மறைச்சொற்கள் செய்யத் தொடங்கின. இதற்குத் தீர்வாக 2003ஆம் ஆண்டில் 'சிங்பாஸ்' நடைமுறைக்கு வந்தது. எல்லா அலுவலகங்களின் கதவுகளையும் திறக்கும் பொதுத் திறவுகோலாக அது அமைந்தது. 2016இல் சோதிக்கப்பட்ட 'மைஇன்ஃபோ' ஏற்பாடு, அரசிடம் ஏற்கெனவே உள்ள பெயர், முகவரி முதலிய விவரங்களைக் குடிமகனின் இசைவுடன் புதிய விண்ணப்பத்தில் தானே நிரப்பித் தந்தது. 2018இல் சிங்பாஸ் கைப்பேசிச் செயலியாகவும் வடிவெடுத்தது. 2016ஆம் ஆண்டு அக்டோபரில் அமைந்த அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பு இப்பணிகளையெல்லாம் ஒருமுகப்படுத்தி நடத்தி வருகின்றது.

இடர்கள் புகட்டிய பாடங்கள்

வெற்றிகளை மட்டும் அடுக்கிச் சொல்வது வரலாறு ஆகாது. ஒரே திறவுகோல் எல்லாக் கதவுகளையும் திறக்குமாயின், அத்திறவுகோல் களவு போனாலும் எல்லாக் கதவுகளும் திறக்குமன்றோ? 2014ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 1,560 சிங்பாஸ் கணக்குகளுக்குள் பிறர் நுழைந்திருக்கக்கூடும் எனத் தெரிய வந்தது. அதன் பின்னர், மறைச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பு ஒன்றும் 2015இல் சேர்க்கப்பட்டது. எளிமை கூடுமிடத்துக் காவலும் கூட வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

2018ஆம் ஆண்டில் நேர்ந்த இடர் இதனினும் பெரிது. சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணினிகளுக்குள் ஊடுருவியோர் 1.5 மில்லியன் நோயாளிகளின் தனிப்பட்ட விவரங்களைக் கவர்ந்து சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ 160,000 பேரின் மருந்து விவரங்களும் பறிபோயின. அப்பொழுது பிரதமராக இருந்த திரு. லீ சியன் லூங்கின் விவரங்களும் அவற்றுள் அடங்கும். விசாரணைக் குழு 2019 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை, தாக்கியோரின் திறமையை மட்டும் காரணமாகக் கூறி அமையவில்லை. ஊழியர்க்குப் போதிய விழிப்புணர்வும் பயிற்சியும் இல்லாமை, ஐயத்திற்குரிய அறிகுறிகளைக் கண்டோர் உரிய காலத்தில் மேலிடத்திற்குத் தெரிவியாமை ஆகியவற்றையும் சுட்டிக்காட்டிற்று. 1981இல் 'மனிதரைப் பயிற்றுக' என்று தொடங்கிய பாடத்தை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது.

மூன்றாவது இடர் நம்பிக்கை பற்றியது. 2020 மார்ச் மாதத்தில், கொள்ளைநோய்க் காலத்தே, நோயாளியுடன் நெருங்கியிருந்தோரைக் கண்டறிய 'டிரேஸ்டுகெதர்' செயலி வெளியிடப்பட்டது. அதில் திரளும் விவரம் நோய்த்தொற்றைக் கண்டறிவதற்கு மட்டுமே பயன்படும் என்று மக்களுக்குக் கூறப்பட்டது. ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி காவல்துறையும் அவ்விவரத்தைப் பெறக்கூடும் என 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டபோது, மக்களிடையே மனக்குறை எழுந்தது. முன்னர்க் கூறியபொழுது அச்சட்டத்தைத் தாம் எண்ணிப் பார்க்கவில்லை என்று அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் ஒப்புக்கொண்டார். 2021 பிப்ரவரியில், ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே அவ்விவரத்தைப் பயன்படுத்தலாம் என வரையறுத்துச் சட்டம் இயற்றப்பட்டது. பிழையை மறையாது ஒப்பியமையும் சட்டத்தால் வரம்பு கட்டியமையும் பாராட்டத்தக்கவை. ஆயினும் அவ்வரம்பு செயலி வெளிவந்த நாளிலேயே கட்டப்பட்டிருந்தால் மனக்குறைக்கே இடமிருந்திராது.

நான்காவது நிகழ்ச்சி மொழியாசிரியர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது. அடையாள எண் என்பது ஒருவரைச் சுட்டும் பெயர் போன்றதேயன்றிக் கதவைத் திறக்கும் மறைச்சொல் அன்று; எனவே அதன் ஒரு பகுதியை மட்டும் மறைத்துக் காட்டும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது அரசின் புதிய கொள்கையாயிற்று. அது குறித்து 2024 ஜூலையில் அமைச்சிலிருந்து அரசு அமைப்புகளுக்கு ஒரு சுற்றறிக்கை சென்றது. பகுதி மறைத்த எண்ணைப் புதிதாகப் பயன்படுத்தாதீர் என்பதே அதன் கருத்து. நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமோ, முழு எண்ணையும் வெளிக்காட்ட வேண்டும் என அதனைப் பொருள் கொண்டது. அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள் திறக்கப்பட்ட அதன் புதிய இணையவாசலில், பெயரைத் தேடிய எவரும் பிறருடைய முழு அடையாள எண்ணையும் காண முடிந்தது. மக்கள் கலக்கமுற்றனர். சில நாள்களில் அத்தேடல் வசதி நிறுத்தப்பட்டது. 2025 மார்ச்சில் வெளிவந்த ஆய்வுக்குழுவின் அறிக்கை, இரு தரப்பினரிடையே நேர்ந்த கருத்துப் பரிமாற்றக் குறையை எடுத்துரைத்தது.

இங்குப் பழுதுபட்டது எந்திரமன்று, சொல்லே ஆகும். எழுதியவர் ஒன்றைக் கருத, படித்தவர் மற்றொன்றைக் கருதினார். எழுதியவர் 'எவ்வாறு புரிந்துகொண்டீர்?' என்று வினவவில்லை; படித்தவர் 'இவ்வாறுதானா?' என்று வினவவில்லை. கணினி தனக்கு இடப்பட்ட கட்டளையை அட்டியின்றி நிறைவேற்றிற்று. காகிதக் காலத்தில் ஒரு கருத்துப் பிழை ஒரு கோப்போடு நின்றிருக்கும்; மின்னியற் காலத்திலோ அது ஒரே நாளில் நாடெங்கும் பரவிவிடுகின்றது. ஆகவே கட்டுரை எழுதுதலும் பொருளுணர்ந்து படித்தலும் ஆட்சித் திறனின் பகுதிகளே என்று மாணவர்க்குக் கூறுவது மிகையாகாது.

தமிழின் இடம்

சிங்கப்பூரில் தமிழ் ஓர் அதிகாரத்துவ மொழி. எனினும் சட்டத்தில் இடம்பெற்ற மொழி கணினியிலும் தானே இடம்பெற்றுவிடவில்லை. அதற்காக உழைத்தோருள் முன்னிற்பவர் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி ஆவார். கணினியில் தமிழைத் தட்டெழுதவும் காட்டவும் 'கணியன்' என்னும் அமைப்பினை அவர் உருவாக்கினார். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றிய முயற்சியில் தமிழும் இடம்பெற்றதற்கு அவருடைய உழைப்பு அடிப்படையாக அமைந்தது. 1997இல் தமிழ் இணையம் குறித்த முன்னோடி மாநாடும் சிங்கப்பூரில் நடந்தேறியது. 1999இல் அவர் மறைந்தார்.

அக்காலத்துத் தமிழ்க் கணினியின் சிக்கலும் அலுவலகங்களின் சிக்கலும் ஒரே தன்மையன. ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியவாறு எழுத்துருக்களைப் படைத்தமையால், ஒரு கணினியில் எழுதிய தமிழ் மற்றொரு கணினியில் புரியாத குறிகளாய்த் தோன்றிற்று. அறிஞர்கள் கூடிப் பேசிப் பொதுவான குறியீட்டுமுறையை ஏற்ற பின்னரே தமிழ் தடையின்றி எல்லைகளைக் கடந்தது. உடன்பாடு முன்னே, இயந்திரம் பின்னே என்னும் விதி இங்கும் பொருந்துகின்றது.

எழுத்து வந்தபின் எஞ்சியது மொழிபெயர்ப்பு. 2014ஆம் ஆண்டில், 'லாவ் பா சாட்' என்னும் பழைய சந்தைக் கட்டடத்தைச் சுட்டும் பலகை ஒன்றில், அப்பெயரின் இறுதிச் சொல் சனிக்கிழமையைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கமாகக் கருதப்பட்டுத் தமிழில் 'சனி' ஆகிவிட்டது. தமிழறிந்த ஒருவர் ஒரு முறை பார்த்திருப்பாராயின் நேர்ந்திராத பிழை அது. அவ்வாண்டில் தேசிய மொழிபெயர்ப்புக் குழு அமைக்கப்பட்டது. அரசின் சொல்வழக்கை அறிந்த கணினி மொழிபெயர்ப்புக் கருவி ஒன்றும் பின்னர் உருவாக்கப்பட்டு, 2022இல் பொதுமக்களும் திருத்தங்கள் தந்து உதவும் வகையில் திறந்துவிடப்பட்டது. கருவியைப் பழிப்பதைக் காட்டிலும் அதற்குத் தமிழ் கற்பிப்பது மேலான பணி. அப்பணியிற் பங்குகொள்ளத் தகுதியுடையோர் தமிழாசிரியரும் அவர்தம் மாணவரும் அன்றி வேறு யாவர்?

கடைசி மனிதர்

மனு எழுதுவோர் இன்று ஐந்தடி நடைபாதையில் இல்லை. ஆனால் வேறு உருவில் அவர் வீட்டிற்குள்ளேயே வந்துவிட்டார். முதிய தாய் ஒருவர் தம் சேமநிதிக் கணக்கைப் பார்க்க வேண்டுமெனின், கைப்பேசியைப் பேரனிடம் நீட்டுகின்றார். பேரன் பள்ளி முடிந்து வரும்வரை அரசின் வாயில் அவருக்கு மூடியே இருக்கின்றது. பேரன் இல்லாதவர் அண்டை வீட்டாரிடம் நீட்டுகின்றார், மறைச்சொல்லையும் சொல்லிவிடுகின்றார். பழைய மனு எழுதுவோர் ஒரு மனுவை மட்டுமே கண்டார். இன்றைய உதவியாளர் கையிலோ முதியவரின் பணம், நோய், முகவரி அனைத்தும் தங்கிவிடுகின்றன. ஏமாற்றுவோர் மலிந்த காலத்தில் இது சிறிய இடரன்று.

இதனை அரசும் உணராமலில்லை. 2005ஆம் ஆண்டிலிருந்தே சமூக மன்றங்களில், இணையம் அறியாதோர்க்குப் பணியாளர் துணையுடன் இலவசமாக உதவும் நிலையங்கள் அமைக்கப்பட்டன. 2020இல் தொடங்கிய மின்னிலக்க அலுவலகம், தூதர்களை அமர்த்தி முதியோர்க்கும் உணவங்காடிக் கடைக்காரர்களுக்கும் கைப்பேசிப் பயன்பாட்டைக் கற்பித்தது. சிங்பாஸ் செயலியும் நான்கு அதிகாரத்துவ மொழிகளிற் பேசுகின்றது. இவையாவும் செலவு பிடிக்கும் வேலைகள். முகப்புகளை மூடினால் மிச்சமாகும் பணத்தைக் கணக்கிடுவோர், இச்செலவை வீண் எனக் கருதக்கூடும். அது தவறு. மின்திரையைப் பயன்படுத்தத் தெரிந்த பெரும்பாலோர் இல்லத்திலிருந்தே தம் வேலையை முடித்துக்கொள்வதால், முகப்பிலிருக்கும் அலுவலருக்கு நேரம் மிகுகின்றது. அந்நேரம் திரையைத் தொடவும் இயலாத முதியவருக்கு உரியது. அவருக்கு அதனைக் கொடாமல் மிச்சப்படுத்துவது சிக்கனம் ஆகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில உண்மைகள் புலனாகும். இயந்திரத்திற்கு முன் மனிதரைப் பயிற்றுவித்தல் வேண்டும். அப்பயிற்சி ஒருபோதும் முடிவதில்லை. பழைய படிவத்தைத் திருத்திய பின்னரே கணினியில் ஏற்றுதல் வேண்டும். அறிந்த செய்தியை மீண்டும் கேளாதிருத்தல் வேண்டும். வசதி பெருகும்போதே காவலும் பெருக வேண்டும். கொடுத்த வாக்கின் எல்லையை முதல் நாளிலேயே சட்டத்தால் வரையறுத்தல் வேண்டும். ஓர் அலுவலகம் மற்றோர் அலுவலகத்திற்கு எழுதும் சொல் ஐயத்திற்கு இடமின்றி அமைதல் வேண்டும்.

இவையனைத்தையும் அளக்கும் கோல் ஒன்றே. தன் அரசின் வாயிலைப் பிறர் கையை எதிர்பாராது தட்டுவதற்கு எத்தனை பேரால் இயலும்? இயலாதார்க்கு, அவர் தம் மறைவுகளை அஞ்சாமல் ஒப்படைக்கத்தக்க கை ஒன்றினை அரசே நீட்டியிருக்கின்றதா? இவ்விரண்டு வினாக்களுக்கும் நேர்மையாக விடை கூறக்கூடிய நாடே மின்னரசாங்கம் கண்ட நாடாகும். அவ்விடையை நோக்கிச் சிங்கப்பூர் நெடுந்தொலைவு நடந்திருக்கின்றது. நடக்க வேண்டிய தொலைவும் இன்னும் உண்டு. அத்தொலைவைக் கடப்பதில், பாட்டியின் கைப்பேசியை வாங்கித் தானே இயக்கிக் கொடுக்கும் மாணவனை விட, பொறுமையுடன் அவர் அருகில் அமர்ந்து தமிழில் விளக்கி, அவரே இயக்குமாறு கற்பிக்கும் மாணவனே பெரும்பணி ஆற்றியவன் ஆவான்.